பையில் மிஞ்சிய நீலம்

தெருவில் என் மனைவிக்கு டாக்டரம்மா என்று பெயர். பட்டம் இன்னும் வாங்கவில்லை. வாங்கினாலும் காய்ச்சலுக்கு மருந்து தருகிற டாக்டர் இல்லை. “அவ இன்னும் டாக்டர் ஆகலண்ணே” என்று நான் எத்தனை முறை சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே வந்து நிற்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கே அவள் செய்வது முழுசாகப் பிடிபடவில்லை.

நான் ஏசி மெக்கானிக். வெளிச்சம் என்றால் எனக்கு ஒயர் வேண்டும், கரண்ட் வேண்டும், பல்பு வேண்டும். அவள் எலுமிச்சை உப்பையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, உலோகக் குப்பியில் இறுக மூடி, ஓவனில் வேகவைப்பாள். திறந்தால் கருகிய பாகு மாதிரி பழுப்பாக ஏதோ இருக்கும். அதில் கண்ணுக்கே தெரியாத கரித்துகள்கள் இருக்கின்றனவாம். புற ஊதா விளக்கைக் காட்டினால் அது நீலமாக ஒளிரும்.

“கரி எரியாம எப்படி வெளிச்சம் தரும்?” என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

“விளக்கோட ஒளி பட்டதும் உள்ள இருக்கிற எலக்ட்ரான் மேல ஏறிடும். இறங்கும்போது கொஞ்சத்த சூடா விட்டுட்டு, மிச்சத்த வெளிச்சமா விட்டுடும்ங்க.”

“உள்ளன்னா எங்க?”

“அங்கதான் சண்டையே. துகளோட நடுவுலேருந்துன்னு சிலர் சொல்றாங்க. அதோட தோல்லேருந்துன்னு சிலர். துகளே இல்ல, வேகும்போது கூடவே உண்டாகிற குட்டி மூலக்கூறுதான் ஒளிருதுன்னு இன்னும் சிலர்.”

“நீ என்ன சொல்ற?”

“துகள்தான்.”

அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். அதைக் கொடுத்தால் பட்டம். பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை தயார்.

ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிவர அவளுடைய ஆய்வகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்ட அறை. மேசைமேல் கண்ணாடிப் பாத்திரம் நிறையத் தண்ணீர், அதில் மெல்லிய பை ஒன்று மிதந்தது. பைக்குள் அந்தப் பழுப்பு. குட்டி அழுக்குகள் பையின் நுண்ணிய துளைகள் வழியாக வெளியே போய்விடும், துகள் உள்ளே தங்கும். வெளித்தண்ணீரை மூன்று நான்கு தடவை மாற்றிக் கொட்டிவிட்டு, பையில் இருப்பதன் ஒளியை அளப்பார்கள். அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கொட்டுகிற தண்ணீரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

என் கை சும்மா இருந்திருக்கலாம். என்னிடம் எப்போதும் ஒரு புற ஊதா டார்ச் இருக்கும். ஏசி குழாய்க்குள் சாயம் விட்டு டார்ச் அடித்தால், எங்கே ஒளிர்கிறதோ அங்கே லீக். அதைப் பாத்திரத்தில் அடித்தேன். வெளித்தண்ணீர் பளீரென்று நீலமானது. பை அதற்கு நடுவே மங்கிக் கிடந்தது.

“உன் பை லீக்கும்மா,” என்றேன். என் தொழிலில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

அவளும் நம்பினாள். புதுப் பை போட்டாள், இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கினாள். மறுநாளும் வெளித்தண்ணீர்தான் ஒளிர்ந்தது. வேறு கம்பெனிப் பை வாங்கினாள். அதே கதை. பையில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்தில் பெரும்பங்கு, துளை வழியே வெளியேறிய அந்தக் குட்டி மூலக்கூறுகளுடையது. அவள் அளந்து எழுதிவைத்ததெல்லாம் சரியாகக் கழுவாத பையின் கணக்கு.

சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். “துகள் ஒளிருதா இல்லையா? எனக்கே தெரியலங்க. அப்ப இத்தன பக்கம் எதப் பத்தி எழுதினேன்?”

எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த டார்ச்சை வண்டியிலேயே விட்டுப் போயிருந்தால் என்ன?

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் நல்லவர்தான். அவருக்கும் தலை சுற்றியது. “கொட்டின தண்ணிய யாரும் கேக்க மாட்டாங்க. ஆய்வேட்டக் கொடுத்துடும்மா, அப்புறமா நிதானமா பாத்துக்கலாம்,” என்றாராம். நானும் அதையேதான் சொன்னேன். அவள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் அவளே டார்ச்சை எடுத்துவரச் சொன்னாள். “வெளித்தண்ணில அடிங்க.” ஒன்றும் ஒளிரவில்லை. “இப்ப பையில.” குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். மங்கலாக ஒரு நீலம்.

“இது துகளோடதுதானே?”

“தெரியலங்க. துகள்ல ஒட்டிக்கிட்டு வராம அடம்பிடிக்கிற ஏதாவதா கூட இருக்கலாம். ஆனா எத்தன தண்ணி மாத்தினாலும் இது மட்டும் போகமாட்டேங்குது. இதப் பாக்காம நான் எதயும் கொடுக்கப் போறதில்ல.”

“காலேஜ் வேலை?”

“வரலன்னு காலைலயே சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. டார்ச்சை அணைக்கப் போனேன். “கொஞ்சம் இருங்க,” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தும்மிக்கொண்டு நின்றார். “டாக்டரம்மா, இந்தச் சளிக்கு என்ன சாப்பிடலாம்?”

வழக்கமாக நான்தான் பதில் சொல்வேன். அன்றைக்கு அவள் முந்திக்கொண்டாள்.

“நான் இன்னும் டாக்டர் ஆகலண்ணே,” என்றாள் அவள்.