மாமிக்காக அம்மா பேசிய விலை

கபோ சந்தையில் விலை பேசுவதற்கென்று ஒரு பட்டம் கொடுப்பார்கள் என்றால், அது என் அம்மாவுக்குத்தான் போயிருக்கும். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்கள் ஒரு மெத்தை வாங்குவதானாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கிழவியைப் பராமரிக்கத் தினமும் ரயிலில் போய்வந்தார். கிழவிக்கு இத்தாலியன் ஒழுங்காக வராது, சிசிலியன்தான். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். பொட்டு வைத்த ஒரு பெண் தங்கள் பாட்டிமாரின் பேச்சில் விலை கேட்டால் வியாபாரிகளுக்குக் கைகால் ஓடாது. பக்கத்தில் நிற்கும் எனக்குப் பெருமை தாங்காது.

எனக்கு ஒன்பது வயதில் கனடாவிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் மூத்த அக்கா. அப்பா அம்மாவைக் கட்டியதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. கலியாணத்துக்குப் பிறகு அம்மாவோடு போனில்கூடக் கதைத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கிழமை எங்கள் வீட்டில் தங்கப்போகிறார் என்றதும், அவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வாங்கிவிடுவது என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டார். வீட்டைக் கழுவினார். கணவாய்க் கறி வைத்தார். மாமி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கறியைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசி நாள் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்கச் சந்தைக்குப் புறப்பட்டோம். மாமி கையில் விசிறியும் போனுமாக முன்னால் நடந்தார். வாள்மீன் தலையைப் படமெடுத்தார், ஒலிவ் காய்க் குவியலைப் படமெடுத்தார். எலுமிச்சம்பழம் அச்சடித்த மேசை விரிப்பு, சியாகுல்லி ஊர் மண்டரின் தோடம்பழ ஜாம், குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் என்று மாமி விரல் நீட்ட நீட்ட, அம்மா விலையைச் சரித்து வாங்கிப் பைகளைத் தன் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டார்.

மாமியின் கண் கடைசியாக விழுந்தது பச்சைப் பீங்கானில் செய்த பைன் மரக் காய்களில். செதில் செதிலான எங்கள் அன்னமுன்னாப் பழத்தைப் பெரிதாக்கினால் அப்படித்தான் இருக்கும். வாசலில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று இங்கே ஒரு நம்பிக்கை. மாமிக்கு ஒரு சோடி வேண்டும். அம்மாவின் முதல் விதி, வேண்டிய பொருளை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது என்பது. மாமியோ போன உடனேயே ஒன்றைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடைக்காரர் மாமியின் காப்புகளைப் பார்த்தார். பிறகு வாயில் வந்த விலையைச் சொன்னார். அம்மா சொன்ன எதற்கும் மசியவில்லை.

"மச்சாள், நீங்கள் ஒண்டும் கதையாமல் நில்லுங்கோ. நான் பாக்கிறன்," என்றார் அம்மா.

கடைக்காரர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, சிசிலியனில் ஏதோ சொன்னார். மாமிக்குப் புரிய வழியில்லை. எனக்குப் புரிந்தது. இந்தப் பெண் தன் சொந்தக்காரி இல்லை, தான் வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோரா, எசமானியம்மா, விலை கூடினால் இடையில் தான் காசு அடித்துவிட்டதாகப் பழி வரும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கண்கூடக் கலங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைக்காரர் மாமியைப் பார்த்தார். அம்மாவையும் தோளில் தொங்கிய பைகளையும் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அப்படியே நம்பிவிட்டார். பாவம் என்று உச்சுக்கொட்டி, பாதி விலைக்குச் சோடியைக் கட்டிக் கொடுத்தார். அம்மாவுக்கென்று சின்னதாக ஒரு காயையும் சும்மா நீட்டினார். அதை மாமி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆகும் என்று வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் அம்மாவைப்போல ஒரு நடிகை உலகத்திலேயே இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது. இரகசியம் எனக்கு மட்டுமே தெரியும் என்பதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

வெளியே வந்ததும், உவனுக்கு அப்படி என்ன சொன்னாய் என்று மாமி கேட்டார். உங்களைப் பெரிய இடத்து ஆள் என்று சொன்னேன் என்றார் அம்மா. மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையை அம்மாவின் கையில் வைத்து அழுத்தினார்.

"நீ கெட்டிக்காரிதான். இந்தா, மிச்சத்தை நீயே வைச்சிரு."

ஒரு கிழமையாக அம்மா காத்திருந்த நல்ல சொல் அது. அம்மா கையிலிருந்த சில்லறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிராசியே, சிஞ்ஞோரா," என்று நன்றி சொன்னார்.

அது இந்த ஊர் மரியாதை என்று மாமி சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். கடையைத் தாண்டி வந்த பிறகும் அம்மா நடிப்பை விடவில்லை என்றுதான் நினைத்தேன்.