கைபடாத வண்டியில் ஒரு குமிழ்

நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுகிற அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் வீடு வந்திருக்க வேண்டும்; அவருக்கும் காருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்தான் பழைய கார் சங்கத்தின் கண்காட்சியில் எந்த வண்டி எந்த வகை என்று பத்து வருஷமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீசை நரைத்த ஆண்கள் எல்லாம் அவர் பேனா எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள், யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். வெட்கம்தான் காரணம்.

அவர் கணவர் பல் செட் செய்கிறவர். கார் என்றால் உயிர். ஒருநாள் சாயங்காலம் சங்கக் கூட்டம் முடிந்ததும் துணிக்கடைக்குப் போகலாம் என்று மனைவியையும் கூட்டிப் போயிருந்தார். கூட்டம் முடிகிற வழியாக இல்லை. அப்போது வண்டிகளை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஏ என்றால் உசத்தி என்று எவனோ கிளப்பிவிட, எல்லோருக்கும் ஏ வேண்டும். எஞ்சின், கியர், சீட்டு, நாலு கதவு எல்லாவற்றையும் மாற்றிவிட்ட ஒருவர், சாம்பல் தட்டு மட்டும் பழையது என்பதால் தன் வண்டியும் ஏ தான் என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் போயிற்று. துணிக்கடை எட்டு மணிக்கு மூடிவிடும். அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அட்டைய மாத்தினா அது அதே புத்தகம்தான். உள்ள இருக்கிற பக்கத்த மாத்தினா அது வேற புத்தகம். இதுக்கு எதுக்குங்க இவ்வளவு நேரம்?" என்றார். யாருக்கு எத்தனை டீ என்று எழுதியிருந்த தாளைத் திருப்பிப்போட்டு அதன் பின்பக்கத்தில் மூன்று சொல் எழுதிக் கொடுத்தார். கைபடாதது. கைபட்டது. கைவரிசை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் முதல் வகை. ஒரே ஒரு சாமான் மாறியிருந்தாலும் இரண்டாவது. ஆசைக்கு இழுத்து, வெட்டி, ஒட்டி, வண்டியை வண்டி என்றே அடையாளம் தெரியாமல் செய்திருந்தால் மூன்றாவது. டயர், பல்பு, பெல்ட் மாதிரித் தேய்கிற சாமான்களுக்கு மட்டும் மன்னிப்பு. கூட்டம் அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டது. துணிக்கடை அன்றைக்கு மூடித்தான் போனது, ஆனால் திரும்பி வரும்போது அம்மாள் அந்த வட்டாரத்துக் கார்களுக்கெல்லாம் நீதிபதி.

சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் இந்தக் கார்க்காரர்களை அறியாதவர். கைவரிசை என்பது திருட்டுப் பட்டம் போல இருக்கிறதே என்று அந்த வகைக்காரர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் அதே சொல்லைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கைபடாதது என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்ட ஓர் அப்பாவி, கையுறை மாட்டிக்கொண்டு வண்டியை முதுகால் தள்ளியபடி மைதானத்துக்குள் நுழைந்தார். இன்னொருவர் துருவையெல்லாம் அப்படியே விட்டு வைத்து, இதுவும் கம்பெனித் துருதான் என்று சாதித்தார். அம்மாள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுதாகக் கேட்டு, பிறகு எந்த வகையோ அந்த வகையில் போட்டார். வகை என்பது மட்டம் தட்டுகிற விஷயம் இல்லை, தனக்குச் சமமானவர்களோடு நிற்கிற இடம் என்று அவர் சொல்லச் சொல்ல, திட்டிக்கொண்டே வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள்.

உண்மையைச் சொன்னால் அம்மாளுக்கு இதில் தலைகால் புரியாத சந்தோஷம். நூலகத்தில் முப்பது வருஷமாகப் புத்தகங்களை இடம் பார்த்து வைக்கிறார். ஏன் என்னை இங்கே வைத்தாய் என்று ஒரு புத்தகமாவது கேட்டிருக்குமா? இங்கே ஒரு மட்கார்டுக்காகப் பெரிய மனிதர்கள் கண் கலங்குகிறார்கள். முதுகுக்குப் பின்னால் அவரை 'அலமாரி' என்றார்கள். காதில் விழுந்தபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உறவுக்காரர் வண்டியைத் தான் தொட மாட்டேன் என்பது அவரே போட்ட விதி. அதை வேறொருவர் சோதிப்பார், அம்மாள் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார். உறவுக்காரர் என்று இருந்தவர் ஒருவர்தான். கணவரிடம் இளம்பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் கார். அவர் சித்தப்பா புதிதாக வாங்கியது, அன்று முதல் ஒரு திருகாணி மாறியதில்லை. வருஷா வருஷம் கைபடாத வகையில் நிறுத்துவார், வருஷா வருஷம் பேக்கரிக்காரரின் வண்டியிடம் அரை மார்க்கில் தோற்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசாமல் பல் ராவுவார்.

இந்த வருஷம் கதை மாறியது. பேக்கரிக்காரரின் வண்டியை அவருடைய மச்சானே பின்னால் வந்து முட்டி, பம்பரை மாற்றும்படி ஆகிவிட்டது. அது கைபட்டதுக்குப் போய்விட்டது. கைபடாத வகையில் மிச்சம் இரண்டே வண்டி, ஒன்று கணவருடையது, இன்னொன்று தபால்காரருடையது, அதற்குக் கூரையெல்லாம் வெளிறிப்போயிருந்தது. கோப்பை கிட்டத்தட்டக் கைக்கு வந்தாயிற்று. வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்த மருந்துப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கணவர் ஈரத்துணியால் துடைத்து வைத்ததை அம்மாள் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் குழந்தை மாதிரி குதிப்பதைப் பார்க்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கண்காட்சியன்று உச்சி வெயில். தன் வண்டி அந்த வகையில் இல்லாததால் பச்சைக் காரைச் சோதிக்கும் பொறுப்பு பேக்கரிக்காரருக்கு. பானெட்டுக்குள் தலையை விட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், சீட்டின் தையலைக் கண்ணாடி வைத்து எண்ணினார். அம்மாள் விதிப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திறந்த ஜன்னல் ஓரமாக நின்றார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பெட்ரோல் வாசனை இல்லை, பழைய சீட்டு வாசனையும் இல்லை. மூக்கின் உச்சியில் சுரீர் என்று ஏறுகிற வாசனை. முப்பது வருஷமாகக் கணவரின் சட்டையில் அவர் துவைத்தெடுக்கிற வாசனை. பல் செட் செய்கிற பிசின். அம்மாள் மெதுவாக டாஷ்போர்டைப் பார்த்தார். ரேடியோவுக்கு இரண்டு குமிழ்கள், இரண்டும் தந்த நிறம், இரண்டும் ஒன்று போல. ஆனால் வெயிலில் சூடேறிப் பல் ஆஸ்பத்திரியாக மணந்துகொண்டிருந்தது இடப்பக்கத்துக் குமிழ்.

கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார்.

அம்மாள் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டார். சொன்னால் துடைத்து வைத்த மேல்தட்டு காலி. சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், சாம்பல் தட்டுக்காரர் முதல் துருக்காரர் வரை அத்தனை பேரையும் பத்து வருஷமாக ஏமாற்றியதாக ஆகும். தன் வீட்டு மனிதர் தன்னிடமே மறைத்தாரே என்ற கோபம் ஒரு பக்கம். இவ்வளவு ஆசையா இந்த மனிதருக்கு என்ற பாவம் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் நடுவே சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. அதை அடக்க அவர் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பேக்கரிக்காரர் வெளியே வந்து கையைத் துடைத்தார். வண்டி சுத்தம், கைபடாததுதான் என்றார். தோற்கடித்தே பழகியவர் அல்லவா, தாராளமாகவே பாராட்டினார்.

"அந்தக் குமிழப் பாருங்கக்கா. ஓரத்துல வரி வரியா எவ்வளவு நேர்த்தி. அந்தக் காலத்துக் கம்பெனி வேலைன்னா கம்பெனி வேலைதான்."

அம்மாள் தாளை வாங்கினார். பேனா மூடியைக் கழற்றினார். தன் வீட்டுக்காரரை அவருக்குத் தெரியும். பட்டினி போடலாம், தோற்கடிக்கலாம், தாங்கிக்கொள்வார். அவர் வேலையை இன்னொருவன் பேரில் எழுதினால் மட்டும் தாங்க மாட்டார்.

"இப்ப யாராலயும் அப்படிச் செய்ய முடியாதா?" என்று பேக்கரிக்காரரிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"வாய்ப்பே இல்லக்கா. இப்ப இருக்கிறவங்க கையில அந்தப் பக்குவம் ஏது?"

கணவரின் காது சிவந்தது. வானத்திலிருந்து பார்வை இறங்கிற்று.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. ஒருத்தரால கூடவா முடியாது?"

"ஒருத்தரால கூட முடியாது. எழுதியே தரேன்."

அம்மாள் பேனா முனையைத் தாளின் மேல் வைத்தார்.

"பக்குவம் இல்லையா?" என்றார் கணவர். குரல் கீச்சென்று எங்கோ மேலே போயிருந்தது. "ரெண்டுல எது கம்பெனி செஞ்சது, எது நான் செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் டாஷ்போர்டுக்குள் தலையை நுழைத்தார்கள். பேக்கரிக்காரர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, கடைசியில் இதுதான் நீங்கள் செய்தது என்று வலப்பக்கத்துக் குமிழைத் தொட்டார். அது கம்பெனிக் குமிழ். கணவர் கைதட்டி, தொடையில் தட்டி, பக்கத்தில் நின்ற தபால்காரரின் முதுகிலும் தட்டிச் சிரித்தார். துடைக்கும்போது பழையது கீழே விழுந்து தன் காலடியிலேயே மிதிபட்டு உடைந்ததையும், முன்பல் நிறத்தில் நாலு கலவை போட்டுப் பார்த்ததையும், ஓரத்து வரிகளை ஊசியால் கீறியதையும் மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவர் மண்டையில் ஏறியது.

அம்மாள் 'கைபட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பச்சைக் காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேக்கரிக்காரரின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கேயும் அரை மார்க்கில் தோற்றது. கைபடாத கோப்பை தபால்காரருக்குப் போயிற்று; அவர் அதை நம்பாமல் இரண்டு முறை திரும்ப வந்து விசாரித்தார். ஆனால் அன்று மைதானத்தில் கூட்டம் கூடியது கோப்பையைச் சுற்றி இல்லை. உடைந்த குமிழ், விரிசல் விட்ட கைப்பிடி, மூக்கு போன பொம்மை என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு பல் செட்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். வாயெல்லாம் பல்லாக நின்றார் மனிதர்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழி வரை அவர்தான் பேசினார். பிறகு சத்தம் குறைந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜன்னல்கிட்ட நின்னப்பவே. மூக்கு இருக்கில்ல எனக்கு."

"இன்னும் ரெண்டு மணி நேரம் வேக வெச்சிருக்கணும் அந்தப் பிசின. அவசரப்பட்டுட்டேன்." கொஞ்ச தூரம் ஓட்டினார். "தேயுற சாமான்னு நெனச்சுக்கிட்டேன். குமிழும் தேயத்தானே செய்யும்?"

"தேயல, உடைஞ்சுது," என்றார் அம்மாள். அவருக்கும் அது தெரிந்ததுதான்.

"நான் வாயத் திறக்கலன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"மூணு எண்றதுக்குள்ள நீங்க சொல்லிடணும்னு எண்ண ஆரம்பிச்சேன். நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன்."

"எத்தன வரைக்கும் எண்ணின?"

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏழு."