மருமகள்தான் கொன்றாள்

அட்டையில் ஒரு பெண் பால் டம்ளரோடு நிற்பாள். அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் யாருடைய நிழலோ விழுந்திருக்கும். இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்த மாத நாவலை வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும், பகலெல்லாம் கம்பெனியில் பேண்டேஜ் துணி மடித்த கைவலி எனக்கு மறந்துபோகும். ஒரே வீடு, அதற்குள் நாலைந்து பேர், அதில் ஒருவர் செத்துக் கிடப்பார், மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே பேசுவார்கள். இந்த மாதிரிக் கதை என்றால் எனக்கு உயிர். இவனாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்ளும்போதே எங்கள் ஸ்டாப் வந்துவிடும்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்ததால் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். புதிதாக எது வந்தாலும் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும். பூவானாலும் புடவையானாலும் அப்படித்தான். "நம்மூரு நாச்சியாரே மாலையச் சூடிப் பாத்துட்டுத்தான் பெருமாளுக்குக் குடுத்தா. நான் வாசிச்சுட்டுத் தாரேன், செத்த பொறு" என்று பையிலிருந்து புத்தகத்தை உருவிக்கொள்வார். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது திருப்பித் தருவார். சும்மா தரமாட்டார். "மருமகதான் கொன்னிருக்கா" என்பார். அதற்கப்புறம் படிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தைப் பரண்மேல் வீசிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். எந்தக் கதையை எடுத்தாலும் மருமகள்தான் கொலைகாரி. கதை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் மருமகளோடு சண்டை போலிருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன். அவ்வளவு மக்கு நான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு துணி மடிக்கிற அக்கா நான் பரண்மேல் வீசிய அதே நாவலைப் படித்துவிட்டு வந்து, "அந்த மாடி வீட்டுக்காரன் எம்புட்டு நல்லவன் மாதிரி நடிச்சுட்டான் பாத்தியா, பாவி!" என்றார். "இல்லக்கா, மருமகல்லா கொன்னா" என்றேன். "ஏட்டி, நீ எந்தக் கதையப் படிச்ச?" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் பரணில் ஏறி, கிடந்த புத்தகங்களின் கடைசி அத்தியாயங்களைப் புரட்டினேன். ஒன்றில் தம்பிக்காரன், ஒன்றில் டாக்டர் புருஷன், ஒன்றில் மாடி வீட்டுக்காரன். ஒரு மருமகள்கூட யாரையும் கொல்லவில்லை. பாதிக் கதைகளில் கொலைகாரனைக் கண்டுபிடித்ததே மருமகள்தான்.

"ஏன் அத்தை இப்படிச் செஞ்சிய?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "பஸ்ஸ விட்டு எறங்கும்போதே ஒம் மூஞ்சி மினுங்குது. அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்றார்.

பிறகு சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுவிட்டது. போனில் கதை போட்டுக் கொடுத்தால், "எவனோ கெணத்துக்குள்ள இருந்து பேசுதான்" என்று தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். பக்கத்தில் காபி ஆறிக் கிடக்கும். அவர் மூச்சுகூட விடாமல் கேட்பார். அந்த ஆசையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கதையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி, கடைசி அத்தியாயம் மட்டும் என்னுடையது. ஒவ்வொரு கதையிலும் மாமியாரையே கொலைகாரியாக்கினேன். விஷம் வைக்க வைத்தேன், மாடியிலிருந்து ஆளைத் தள்ள வைத்தேன், போலீஸ் ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். "புத்தகத்துல அப்படி இருக்காதுட்டி" என்பார். "நம்பலைன்னா நீங்களே வாசிச்சுக்கோங்க அத்தை" என்று அதை அவர் மடியில் வைப்பேன். தாளைத் தடவிக்கொண்டே இருப்பார். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

அவர் படுத்த படுக்கையான பிறகு ஒரு புத்தகம் வாசித்தேன். அப்படியொரு கதை! யார் கொன்றிருப்பார் என்று எனக்கே பிடிபடவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "இந்த ஒண்ண மட்டும் உள்ளபடி வாசிட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அதட்டியே பழகிய வாய் கெஞ்சியதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சரி என்றேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், பாழாய்ப்போன எழுத்தாளர் கொன்றது மாமியார் என்று எழுதி வைத்திருக்கிறார்! தம்பிக்காரன் என்று மாற்றிவிடலாமா என்று தோன்றியது. சரி என்று சொல்லியாயிற்றே என்று அப்படியே வாசித்தேன்.

அவர் கையை விட்டுவிட்டார். "சாகப்போறவகிட்டயுமாட்டி?" என்றார்.

"நாச்சியார் மேல ஆணை அத்தை, புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் போகும்வரைக்கும் என்னிடம் கதை கேட்கவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

இப்போது என் கையிலிருந்து பிடுங்க ஆளில்லை. எந்தக் கதையையும் முடிவுவரை நானே படிக்கிறேன். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் யாரிடமாவது நீட்டி, "நீங்களே பாருங்க, மாமியார்தானே?" என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. யார் ஆமாம் என்று சொல்லி என்ன, அவர் நம்பவில்லையே.