கரையும் என்று நம்பிய குழாய்

புதூருக்குத் தெற்கே, கரிசல் காட்டில், நாற்பது ஆடுகளுக்குப் பின்னால் நடக்கிறவள் ஆவுடைத்தாய். வயது நாற்பத்தெட்டு. காலை எட்டு மணிக்குப் பட்டியைத் திறந்துவிட்டால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவாள். ஒரு கையில் கஞ்சி வாளி, இன்னொரு கையில் தழை இழுக்கிற தொரட்டி. தண்ணீர் மட்டும் கொண்டுபோக மாட்டாள். காடு கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மறைவில்லாமல் கிடக்கும். ஒரு பெண் ஒதுங்க வேண்டுமென்றால் ஒரு உடைமுள் மரத்தைத் தேடி அரை மைல் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் ஆடுகள் யாருடைய உளுந்திலாவது வாய் வைத்திருக்கும். தண்ணீர் குடித்தால்தானே ஒதுங்க வேண்டும், குடிக்காமலே இருந்துவிடலாம் என்று பதினாறு வயதில் முடிவு செய்தவள், முப்பது வருடத்துக்கு மேலாக அதை மாற்றவே இல்லை.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும், கெட்டிப்பட்டால் கல் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போன ஐப்பசியில் இடது விலாவுக்குக் கீழே வலி வந்து, காட்டிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. புருஷன் ராமசுப்பு ஒரு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். அங்கே சிறுநீரகத்துக்கென்றே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் உமாதேவி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"வலது கிட்னி சுருங்கிப்போச்சும்மா. எப்பவோ கல்லு அடைச்சு, நீங்க கவனிக்காம விட்டிருக்கீங்க. இப்ப உங்களுக்கு இருக்கிறது இடது பக்கம் ஒண்ணுதான். அதுலயும் கல்லு இறங்கி வழியை அடைச்சிருக்கு."

கல்லை உடைத்து எடுத்தார்கள். பிறகு அந்த வழி வீங்கி மூடிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், நூடுல்ஸ் கனம். இரண்டு முனையும் பன்றிக்குட்டியின் வால் மாதிரி சுருண்டிருக்கும். ஒரு சுருள் சிறுநீரகத்தில் மாட்டிக்கொள்ளும், இன்னொன்று சிறுநீர்ப்பையில். அதனால் குழாய் இடம் மாறாது. வீட்டுக்கு அனுப்பும்போது ஷாஜாதி என்ற நர்ஸ் அதைப் படம் போட்டே விளக்கினாள். நாற்பது நாள் கழித்து வந்து எடுத்துவிட வேண்டும் என்று சீட்டில் தேதியும் எழுதிக் கொடுத்தாள்.

ஆவுடைத்தாய் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் காது அங்கே இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் விதைப்பு தொடங்கிவிடும், ஆடுகளை மேற்கே ஓட்டிப்போகாவிட்டால் தினம் ஒரு சண்டை.

நாற்பதாம் நாள் ராமசுப்புதான் ஞாபகப்படுத்தினார். "ஏட்டி, கோவில்பட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

"எதுக்கு? எனக்கு இப்ப வலியா இருக்கு?"

"அந்தக் குழாய எடுக்கணும்னு சொன்னாவல்லா."

"நம்ம தீபலட்சுமிக்கு வயித்தக் கீறிப் பிள்ளைய எடுத்தாவளே, அந்தத் தையல யாரு போயிப் பிரிச்சா? தானா கரைஞ்சு போயிரும்னுதான சொன்னாவ? கரைஞ்சுதான போச்சு? இப்ப உள்ளதெல்லாம் அப்படித்தான். எல்லாம் கரையும்."

மகளின் தையல் உண்மையாகவே கரைந்திருந்தது. ஆவுடைத்தாய் அதைக் கண்ணால் பார்த்தவள். உடம்புக்குள் வைக்கிற சாமான் எல்லாம் ஒரே சாதி என்று அவள் நினைத்துவிட்டாள். அதோடு அன்றைக்கு இரண்டு ஆடுகள் குட்டி போடுகிற நிலையில் இருந்தன. ராமசுப்பு வாதாடி ஜெயித்த ஆள் இல்லை. பேச்சு அதோடு நின்றது.

மாதங்கள் போயின. தையில் சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்து முழுங்கினாள். மாசியில் அறுப்பு முடிந்து காடு திறந்தது, ஆடுகள் அறுத்த சோளத் தட்டைக்குள் ஓடின, அவளால்தான் பின்னால் ஓட முடியவில்லை. பங்குனியில் முகம் ஊதினாற்போல இருந்தது. "சாப்பாடு ஒட்டுது போல, நல்லா மினுமினுன்னு இருக்க" என்று ராமசுப்பு கேலி செய்தார்.

சித்திரையில் ஒரு வெள்ளாடு செத்தது. காதில் இன்ஷூரன்ஸ் தோடு போட்ட ஆடு, ஆறேழு நாளாக இரை எடுக்காமல் வயிறு உப்பிக் கிடந்தது. தோடு போட்ட ஆடு செத்தால் கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து எழுதித்தர வேண்டும். நந்தகோபால் என்ற சின்ன வயது டாக்டர் பைக்கில் வந்தார். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஆட்டின் இரைப்பையைக் கீறினார். உள்ளேயிருந்து ஒரு உருண்டையை இரண்டு கையாலும் இழுத்து வெளியே போட்டார். தேங்காய் அளவு இருந்தது. அத்தனையும் கேரி பை. ஒன்றோடொன்று முறுக்கி, கயிறு மாதிரி இறுகி, மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்து, விரலால் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டது.

"ரோட்டோரம் மேய விடுதியளா?" என்றார் டாக்டர்.

"காத்துல பறந்து காட்டுக்குள்ளயே வந்து கெடக்கு சார். நான் என்ன செய்ய?" ஆவுடைத்தாய் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எம்புட்டு நாளா உள்ள கெடந்திருக்கும்?"

"ஒரு வருஷம் இருக்கும். ரெண்டு வருஷமும் இருக்கும்."

"கரையாதா?"

"பிளாஸ்டிக் எங்க கரையும்? ஆட்டு வயித்துல கல்லையும் கரைக்கிற மாதிரி சாறு இருக்கு, அதுக்கே இது கரையல. நாளாக நாளாக மேல படிஞ்சு இதுவே கல்லு மாதிரி ஆயிரும்."

ஆவுடைத்தாயின் கை தானாக இடது இடுப்புக்குப் போனது.

"சார், மனுசி வயித்துல கெடந்தா?"

நந்தகோபால் சிரித்தார். "நீங்க எதுக்கு கேரி பையத் திங்கப் போறிய?"

அவள் சிரிக்கவில்லை. ஐப்பசியில் வைத்த குழாயைப் பற்றிச் சொன்னாள். தையல் மாதிரி அதுவும் கரைந்திருக்கும் என்று தான் இருந்துவிட்டதையும் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு நின்றுபோனது. ரத்தக் கையோடு அப்படியே எழுந்து நின்றார்.

"தையல் போட்ட நூலு கரையுறதுக்குன்னே செஞ்சதும்மா. நீங்க சொல்லுதது வேற, அது கரையாத ஜாதி. நான் மாட்டு டாக்டரு, எனக்கே தெரியும். ஏழு மாசமா? இன்னைக்கே போங்க. ஆட்டுக்கு நான் எழுதிக்கிடுதேன், நீங்க பஸ் ஏறுங்க."

அன்று மதியமே அவர்கள் கோவில்பட்டியில் இருந்தார்கள். அவள் பெயரைச் சொன்னதும் ஷாஜாதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"புதூர் ஆவுடைத்தாயா? அம்மா, ஏழு மாசமா உங்களத் தேடுதேன்! நீங்க குடுத்த நம்பரு யாரு நம்பரு?"

"எம் மகன் செல்வகணேஷ் நம்பரு. திருப்பூர்ல இருக்கான். அவன் மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துவான்."

"லெட்டர் போட்டேன். அது வேற ஊர் ஆவுடைத்தாய்ட்ட போயி, அந்தம்மா பயந்து ஓடிவந்து, 'எனக்குத் தெரியாம எனக்குள்ள எப்பட்டி குழாய் வச்சிய'ன்னு வாசல்ல நின்னு ஒரே சண்டை. டாக்டர் அவியளுக்கு ஸ்கேன் எடுத்து, ஒண்ணுமில்லன்னு காட்டித்தான் அனுப்புனாவ. எனக்குக் கிடைச்ச ஏச்சு இருக்கே!"

ராமசுப்பு சிரித்துவிட்டார். ஷாஜாதியும் சிரித்தாள். ஸ்கேன் படம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. குழாயின் இரண்டு சுருளிலும் முட்டை முட்டையாகக் கல் கட்டியிருந்தது. குழாய் அடைத்து, சிறுநீரகம் வீங்கி, அதில் சீழும் பிடித்திருந்தது. சிறுநீரில் போக வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறியிருந்தது. அதனால்தான் முகத்தில் அந்த மினுமினுப்பு.

"இப்படியே இழுத்தா வழியே கிழிஞ்சிரும். முதல்ல முதுகு வழியா இன்னொரு குழாய் போட்டு, தேங்கினதை வெளிய எடுக்கணும். கிட்னி தெளியட்டும். அப்புறம் லேசர்ல கல்ல உடைச்சுப் பழைய குழாய எடுப்போம்" என்றார் டாக்டர் உமாதேவி. "கிட்னி தெளியுமான்னு இப்ப சொல்ல முடியாது. தெளியலைன்னா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்."

வாரத்துக்கு மூன்று நாள். புதூரிலிருந்து கோவில்பட்டிக்கு. ஆவுடைத்தாய்க்கு ஆடுகள் வரிசையாக விலை போவது கண்ணில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு பேச்சு.

"உள்ள கெடக்கிறத எடுங்கன்னு வந்தா, இன்னொண்ண வைக்கேன்னு சொல்லுதிய. எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக்கே வேண்டாம். எங்க ஆட்ட வந்து பாருங்க."

படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ராமசுப்பு கெஞ்சினார், நடக்கவில்லை. ஷாஜாதி வெளியே போய், பழசான ஒரு குழாய்த் துண்டையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் கொண்டுவந்தாள்.

"அம்மா, கையை நீட்டுங்க. இது முதுகுல போடுற குழாய். எப்படி இருக்கு?"

"விறைப்பா இருக்கு."

"இந்த விறைப்பு இருந்தாத்தான் உள்ள போகும். இப்பப் பாருங்க." அதை வெந்நீருக்குள் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கொடுத்தாள். துண்டு விரலைச் சுற்றி வளைந்தது.

"உடம்புச் சூடு பட்டதும் இளகிரும். சதையைக் குத்தாம கிடக்கணும்னே செஞ்சிருக்காவ. கேரி பையும் பிளாஸ்டிக்தான், இதுவும் பிளாஸ்டிக்தான். ஆனா அது யாரையும் நெனச்சுச் செஞ்சது இல்ல. இது உங்களை நெனச்சுச் செஞ்சது. உள்ள கிடக்கிறதும் அப்படித்தான். நாப்பது நாள் வேலைக்கு வந்தது, ஏழு மாசம் பாத்திருக்கு. தப்பு அதோடது இல்ல."

ஆவுடைத்தாய் துண்டை விரலில் சுற்றிச் சுற்றி விட்டாள். "கரையுத மாதிரியே இதையும் செஞ்சா என்னட்டி, கொறஞ்சா போவாவ?"

"அதுக்கும் ஆராய்ச்சி நடக்குதாம். நம்ம பக்கம் இன்னும் வரல."

"அப்ப நான்தான் கொஞ்சம் முந்திப் பொறந்துட்டேன்" என்றவள், ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, போடுங்க."

முதுகில் போட்ட குழாய் ஒரு பையில் முடிந்தது. முதல் நாள் அதில் வந்தது கலங்கல், நாற்றம். மூன்றாம் நாள் தேயிலைத் தண்ணீர் நிறம். ஒவ்வொரு நாள் காலையிலும் ஷாஜாதி குனிந்து அளவு பார்த்துச் சொல்வாள், ராமசுப்பு அதைக் கைபேசியில் மகளுக்குச் சொல்வார். ஒன்பதாம் நாள் லேசரால் கல்லை உடைத்துப் பழைய குழாயை எடுத்தார்கள். முழுசாக வந்தது. மஞ்சளாக, சுண்ணாம்பு பூசியதுபோல, இரண்டு முனையும் வளையாமல் விறைத்துக் கிடந்தது. பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள்.

"இம்புட்டு அழுக்கச் சொமந்துக்கிட்டு ஒடையாம கெடந்திருக்கே" என்றாள். கும்பிட வேண்டுமா என்று தெரியாமல் பாதியில் நின்ற கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரத்தத்தில் உப்பு இறங்கியது. ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. முதுகுக் குழாயை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். கிட்னியிலிருந்து கீழே போகிற சொந்த வழி திறந்திருந்தால் சிறுநீர் தானாக வரும். ஏழு மாதத்தில் அந்த வழி தழும்பேறிச் சுருங்கியிருந்தால் வலி வரும், காய்ச்சல் வரும், மறுபடியும் பையோடுதான் வாழ வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஷாஜாதி குழாயை மூடினாள். "வலிச்சா ஒளிக்காமச் சொல்லணும். தண்ணி நல்லாக் குடிக்கணும்."

வாழ்க்கையில் அவள் அவ்வளவு தண்ணீர் குடித்ததில்லை. அரை மணிக்கு ஒரு டம்ளர். ராமசுப்பு ஊற்ற ஊற்றக் குடித்தாள். எட்டு மணிக்கு ஒன்றுமில்லை. ஒன்பதுக்கு விலாவில் லேசாக ஒரு பாரம்.

"வலியாட்டி?" என்றார் ராமசுப்பு.

"வலியில்ல. பயம்."

பத்து மணிக்கு ஷாஜாதி காய்ச்சல் பார்த்தாள். இல்லை. அவளுக்கு அன்று எட்டு மணியோடு வேலை முடிந்திருந்தது. பர்தாவை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், திரும்பி வந்து பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். "சும்மாதான். பஸ்ஸு கூட்டமா இருக்கு" என்றாள். ஆவுடைத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது காட்டில் வேலை செய்து காய்த்துப்போன கை. ஷாஜாதி இழுத்துக்கொள்ளவில்லை.

பத்தே முக்காலுக்கு ஆவுடைத்தாய் சட்டென்று எழுந்தாள்.

"என்னம்மா?"

"விடுட்டி, போகணும்."

கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது. ராமசுப்பு நடைபாதையில் செருப்பில்லாமல் நின்றார். ஷாஜாதி கதவருகே போய் நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. பிறகு சத்தம் கேட்டது. அது நின்றபாடில்லை.

"ஏட்டி ஷாஜாதி!" உள்ளேயிருந்து வந்த குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "வருது! தெளிஞ்ச தண்ணியா வருது! அந்த மனுசன்ட்ட சொல்லு, அங்கன நின்னு அழ வேண்டாம்னு!"

ராமசுப்பு அழுதுகொண்டுதான் இருந்தார். கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெளியே வந்த ஆவுடைத்தாய் முதலில் ஷாஜாதியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மீதி இருந்த ஒரு டம்ளர் தண்ணீரையும் யாரும் சொல்லாமலே எடுத்து நிதானமாகக் குடித்தாள்.