வானத்தில் இருந்த மகளின் குரல்

என் மகள் மேற்படிப்புக்காக லண்டன் கிளம்பிய நாள் அது. விடியற்காலையில் அவளை நேர் விமானத்தில் ஏற்றிவிட்டு, நானும் கணவரும் சேலையூர் வீட்டுக்குத் திரும்பினோம். முற்பகலில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அம்மா, லண்டன்ல இறங்கிட்டேன்மா. போலீஸ் புடிச்சு வச்சிருக்காங்க. உடனே பணம் அனுப்பும்மா!"

அவள் குரலேதான். அழும்போது மூக்கை உறிஞ்சுவதுகூட அப்படியே இருந்தது. பதறிப்போய் உள்ளே ஓடிக் கணவரிடம் சொன்னேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "லண்டன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. போய்ச் சேர பதினோரு மணி நேரம் ஆகும். இப்பதான் பாதி தூரம் போயிருப்பா!"

"அதுக்குள்ள எப்படிடி போய்ச் சேர்ந்த?" என்று போனில் கேட்டேன். பதிலுக்கு அதே அழுகை, அதே சொற்கள், அதே உறிஞ்சல், முதலிலிருந்து அப்படியே வந்தன. துண்டித்துவிட்டேன். குரலை இப்படிப் போலியாகச் செய்து ஏமாற்றுகிறார்களாம், கணவர்தான் சொன்னார்.

மாலையில் மகள் நிஜமாகவே அழைத்தாள். "அம்மா, இறங்கிட்டேன்மா" என்றாள். அதே குரல். போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு ரகசிய வார்த்தை இருக்கிறது. அவள் எப்போது அழைத்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லும்வரை, பேசுவது என் மகள்தான் என்று என்னால் நம்ப முடிவதில்லை.