செண்பகவல்லி அடித்த ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை காலை டெல்லி துவாரகாவிலிருந்து செண்பகவல்லியின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." என் மேஜைமேல் செண்பகவல்லியின் இளமைக்கால நோட்டுகள் அச்சுப்படியாகக் கிடந்தன. அதில் ஒரு பக்கத்தை நீக்கச் சொல்லி நான் பென்சிலால் அடித்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வாரமாக எங்களுக்குள் சண்டை.

டெல்லிக் கல்லூரி ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து தமிழ் நடத்தியவர்கள் நாங்கள். அவளுடைய ஆராய்ச்சி நூல்கள் உங்களுக்குத் தெரியும். இந்த நோட்டுகள் அவற்றுக்கெல்லாம் முந்தியவை. முன்பக்கமிருந்து புரட்டினால் செய்யுள் பற்றிய குறிப்புகள். திருப்பிப் பிடித்தால் லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தமிழர் வீடு வீடாக ஏறிக் கேட்டு எழுதிய பாட்டுகள். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஊருக்குத்தான் போக வேண்டும் என்று எல்லோரும் சொன்ன காலம் அது. பாடுகிறவள் இங்கே இருக்கும்போது பாட்டு மட்டும் அங்கேயா இருக்கும் என்று இவள் பஸ் ஏறினாள்.

அங்கே மாரியம்மாள் என்ற குமாஸ்தா மனைவி ஒரு தாலாட்டுப் பாடினார்:

"ஜல்தி வா நெலாவே, ஜன்னலோரம் நில்லு,
ஆபீஸ் போன அப்பா வந்தா அங்கேருந்தே சொல்லு."

தாலாட்டில் இந்திச் சொல்லா என்று செண்பகவல்லி "ஜல்தி"யை அடித்து "விரைந்து" என்று எழுதிவிட்டாள். மறுவாரம் போய் வாசித்துக் காட்டினால் மாரியம்மாள் சிரித்தாராம். "நான் ஜல்தின்னுல்லா பாடுனேன் தாயி. நீ மாத்துனது வாயில நிக்கலையே!"

முதலெழுத்து ஒன்றிவரும் மோனையைப் பற்றி அதே நோட்டின் முன்பக்கத்தில் பத்துப் பக்கம் எழுதியவள், பின்பக்கத்தில் அந்த மோனையையே அடித்திருக்கிறாள்! ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: "ஜல்தி, ஜன்னல். அவருக்குக் காது இருந்தது. எனக்குத் திமிர் இருந்தது."

இந்தப் பக்கம் அச்சில் வந்தால் உன் பெயர் கெடும் என்று போன வாரம் போனில் சொன்னேன். "ஏட்டி, பிழையத் தூக்கிட்டா நான் எப்படிப் படிச்சேன்னு யாருக்குத் தெரியும்? வேணும்னா அட்டையில இருந்து என் பேர எடு. அந்தப் பக்கத்த எடுக்காத" என்றாள். நான் மசியவில்லை. போனை வைத்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அழுதேன். ஆனால் இப்படி ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்ற பெருமைதான் இன்று மேலோங்கி நிற்கிறது. பதிப்பாளர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். பென்சில் கோட்டை அழித்தேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது தன் தவற்றைத் தன் கையாலேயே எழுதும் துணிச்சலை. அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்து, என் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன்: "இப்பக்கத்தை நீக்கச் சொன்னவள் நான்."