ஜெயசீலன் அங்கிளின் துருக்கி மேடம்

ஜெயசீலன் அங்கிள் சூப் கிண்ணத்தோடு நடந்தால், பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று வழிவிடும். கடக்வாஸ்லா ஏரி அலையடிக்காமல் நிற்கக் கற்றுக்கொண்டதே அவரைப் பார்த்துத்தான். பூனாவில் இதை மறுத்தவர் யாருமில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பூனாவின் கோர்படி பகுதியில் எங்கள் எதிர்வீடு. ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டி இறந்தபின் ஓசூரிலிருக்கும் மகன், இங்கே வந்துவிடுங்கள் என்று நச்சரிக்கிறான். அங்கே போய் டிவி ரிமோட்டுக்குக் காவல் இருக்க அங்கிளுக்கு மனமில்லை. அப்போதுதான் மகர்பட்டாவில் ஒரு துருக்கிக் குடும்பம் பட்லர் தேடுவதாகத் தெரிந்தது. வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் வரும். மேடத்துக்குத் துருக்கி மொழி மட்டும். திங்கட்கிழமை வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்தால் பூனா, இல்லையென்றால் ஓசூர்.

மொழிபெயர்க்க அங்கிளுக்குக் கிடைத்த பெரும் புலவர் நான்தான். பத்தாவது கணக்கில் இரண்டு முறை விழுந்தவள். என் துருக்கி ஞானமெல்லாம் அம்மா பார்க்கும் துருக்கி சீரியலில் வந்தது. அதிலும் அவர்கள் இந்தியில்தான் பேசுவார்கள்.

மெஸ்ஸில் துரைகளும் மேடங்களும் தன்னிடம் சொன்னதையெல்லாம் அங்கிள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் போனில் துருக்கியாக்கினேன். டீ கொண்டு வர 'சாய் கெதிர்'. திரையை மூட 'பெர்தெயி கபத்'. இந்தியில் கேட்ட அதே சாயும் பர்தாவும் இருக்கவே பாதி மொழி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். மீதிப் பாதி எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

பிறகு ஒத்திகை. அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் நான் மேடம். அங்கிள் தட்டோடு நிற்பார். வலது முட்டி வீங்கியிருந்தது.

"உக்காருங்க அங்கிள்."

"டியூட்டியில பட்லர் உக்காரப்படாதுட்டி. நீ ஆர்டரைச் சொல்லு."

ஆர்டர்தானே வேண்டும். போனில் தேடினேன்.

"ஒதுருன்."

"இது நான் சொன்னதுல இல்லையே."

"துருக்கி வீட்டுல இதான் முக்கியமான ஆர்டர். அப்படின்னா உக்காருங்கன்னு அர்த்தம். சொன்ன உடனே உக்காரணும், இல்லன்னா மேடம் கோவிச்சுப்பாங்க. நெட்ல போட்டிருக்கு."

நெட்டில் அப்படி ஒன்றும் போடவில்லை. அங்கிள் நாற்காலி நுனியில், அது உடைந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்தார். அதன்பின் நாலு ஆர்டருக்கு நடுவில் ஒரு ஒதுருனைச் செருகி விட்டேன்.

திங்கள் மாலை அவர் படியேறி வரும் சத்தம் கேட்டு, கவலையே இல்லாதவள்போல் கதவிலேயே நின்றேன்.

"கிடைச்சிருச்சு" என்றார். "நாளையிலருந்து வரச் சொல்லிட்டாங்க."

"என் துருக்கிதான் காப்பாத்திச்சு."

"அந்தம்மா ஒதுருன்னாங்க. உடனே உக்காந்துட்டேன். ஒரு துரை வீட்டுல நான் உக்காந்தது இதுதான் முதத் தடவை."

"பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே."

அங்கிள் சோபாவில், என் இடத்தில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா வேலையெல்லாம் முடிஞ்சப்புறம், டீயைக் கையில குடுத்து ஒரே ஒருக்கா சொன்னாங்கட்டி. நீ, நான் முட்டியைப் பிடிக்கும்போதெல்லாம்லா சொன்ன?"

நான் போனைப் பார்த்தேன். அது அணைந்திருந்தது.

"சரி சரி" என்றார் அங்கிள். "சாய் கெதிர்."

கொண்டு வரப் போனேன்.